பிறப்பு எடை ஐம்பத்தொரு கிலோ

ஒரே நாளில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மெமோ வந்தன. முதலாவது எனக்கு. "தங்கள் கணவர் திரு. நவநீதன் உயிருடன் இருப்பது தெரியவந்துள்ளதால், அவர் இறந்ததன் பேரில் கருணை அடிப்படையில் தங்களுக்கு வழங்கப்பட்ட பணி நியமனத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்." இரண்டாவது என் கணவருக்கு. "தாங்கள் இறந்துவிட்டதாகப் பதிவேடுகளில் உள்ளதால், மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளக் கோரும் தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது." இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே பச்சை மை, ஒரே தேதி. காலையில் ஒரு மனுஷனைப் பிழைக்க வைத்துவிட்டு மத்தியானம் சாகடித்திருக்கிறார் எங்கள் ஆணையர். நடுவில் சாப்பிட்டாரா என்று தெரியவில்லை.

என் பெயர் இளவேனில். மணற்பாடி நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இளநிலை உதவியாளர். நாலரை வருஷத்துக்கு முன்னால் அதே பிரிவில், அதே நாற்காலியில் இருந்தவர் என் கணவர். ஒரு வியாழக்கிழமை யாருக்கோ இறப்புச் சான்று அச்சாகிக்கொண்டிருந்தபோது மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு நாற்பத்திரண்டு வயது.

கல்லூரி நாளிலேயே உடல் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் மருத்துவக் கல்லூரி வண்டி வந்து உடலை ஏற்றிக்கொண்டு போனது. அவருடைய அண்ணன் சஞ்சய்குமார் மட்டும் விடவில்லை. "உடம்பு இல்லாட்டி என்ன, போட்டோ இருக்கில்ல" என்று படத்தை வைத்தே பதினாறாம் நாள் காரியத்தை முடித்தார். பிண்டம் வைத்து, ஆற்றில் கரைத்து, ஒரு குறையும் இல்லை.

நான் எம்.எஸ்சி. கணிதம். கல்யாணமான புதிதில் பள்ளிக்கூட வேலைக்கு உத்தரவு வந்தது. "ரெண்டு பேரும் ஓடினா வீட்டை யார் பாக்கறது" என்று சொல்லி அதை மடித்து பீரோவில் வைத்தார் என் கணவர். அவர் கெட்டவர் இல்லை. குடி, அடி எதுவும் கிடையாது. என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர் போன பிறகு இரண்டு வருஷம் படியேறி இறங்கி அவருடைய வேலையை வாங்கினேன். முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு சான்றையும் மூன்று தடவை சரிபார்த்தேன். அதற்கப்புறம் ஒரு தடவையே போதும் என்றானது. நான் உட்கார்ந்த பிறகு அந்த ஜன்னலில் யாரையும் நாலு தடவை வரவழைத்தது கிடையாது. முப்பத்தெட்டு வயது வரை யாரோ ஒருவருடைய மனைவியாக மட்டும் இருந்தவளை ஊரில் முன்பின் தெரியாதவர்கள் பேர் சொல்லித் தேடி வந்தார்கள். அந்த நாற்காலியை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மெமோ வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். கேட்கப்போகிறவர் யார் என்று தெரிந்தேதான் செய்தேன்.

அவர் எழுந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டரம்மா போன் செய்து என்னை நேரில் வரச் சொன்னார். ஏதோ எலும்பு மிச்சம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கணவர் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"குளிர்ல வெச்சிருந்தோம் மேடம்," என்றார் டாக்டர். "சாகறப்ப உடம்புல எல்லாம் ஒரே நேரத்துல நிக்கறதில்ல. ஒவ்வொண்ணா நிக்கும். நின்ன வரிசையைக் கண்டுபிடிச்சு, தலைகீழா ஒவ்வொண்ணா ஓட விட்டோம். இதுவரைக்கும் எட்டு பேர் எழுந்திருக்காங்க."

"ஆராய்ச்சிக்குன்னுதானே குடுத்தோம்?"

"ஆராய்ச்சிதான் மேடம். ஜெயிச்சிடுச்சு."

அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையை அவர் செத்தபோதுகூட அழவில்லை. குளிரில் கிடந்த நாலு வருஷம் அவருக்கு வயசு ஏறவில்லை. இப்போது எனக்கு நாற்பத்து மூன்று. அவரைவிட ஒரு வயது மூத்தவள்.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று சஞ்சய்குமார் மாமா வாசலில் நின்று மறித்தார். "செத்துக் காரியம் ஆனவன் வாசல் வழியா வரக்கூடாது இளவேனில். கொல்லைப்பக்கமா வந்து குளிச்சிட்டு உள்ள வரட்டும்."

"மூணாவது மாடி ஃபிளாட்டுக்குக் கொல்லைப்பக்கம் ஏது மாமா? பைப்பைப் புடிச்சு ஏறச் சொல்லவா?"

மாமா வழிவிட்டார். உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்ததும் அடுத்ததை ஆரம்பித்தார். "சரி, ஆண்டவன் புண்ணியத்துல அவன் வந்துட்டான். நீ வேலையை எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இரு. அவன் சீட்டுல அவன் போய் உட்காரட்டும். அதுதான் முறை." என் கணவர் அண்ணன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாளே ஆணையருக்கு மனு எழுதிப் போட்டிருக்கிறார். அதற்கு வந்த பதில்தான் அந்த இரண்டாவது மெமோ.

மெமோக்கள் வந்த அன்று இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ ராஜினாமான்னு பதில் எழுதிட்டா, இடம் காலியாயிடும். என் மனுவை மறுபடி எடுப்பாங்க," என்றார்.

"எடுக்கலைன்னா? ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டு இருக்கறதா?"

"அது என் சீட்டு, வேனில். பதினெட்டு வருஷம். உனக்கு நாலரை வருஷம் ஓடிடுச்சு. எனக்கு அது நேத்து. கண்ணை முழிச்சதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? மெஷின்ல ஒரு சான்று பாதி அச்சாகி நிக்குதே, அதை எடுத்துக் குடுக்கணுமேன்னுதான்."

எனக்கு மனசு கரைந்தது. கரைந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். இருபத்தாறு வயதில் ஒரு தடவை கரைந்து பார்த்தவள்தானே.

"நான் திரும்பி வந்தது உனக்குச் சந்தோஷமா இல்லையா?" என்று கேட்டார்.

"சந்தோஷம்தாங்க. தினம் காலையில நீங்க மூச்சு விடறீங்களான்னு பாத்துட்டுதான் காப்பி போடறேன். ஆனா அந்தச் சந்தோஷத்துக்கு விலையா என் வேலையைக் கேக்காதீங்க. உங்களைத் தொலைச்சிட்டு ஒரு தடவை அழுதாச்சு. என்னைத் தொலைச்சிட்டு இன்னொரு தடவை அழ எனக்குத் தெம்பு இல்லை."

 அவர் தட்டை அவரே கழுவி வைத்தார். முன்பெல்லாம் செய்யமாட்டார்.

விளக்கத்தை எழுத்தில் கொடுப்பதற்கு முன் ஆணையரை நேரில் பார்த்தேன். தாமஸ் அஸ்வின் என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். கத்தமாட்டார், மரியாதையாகப் பேசுவார். அதுவே அவரிடம் ஒரு தொந்தரவு. கத்துகிறவர்களிடம் திருப்பிக் கத்தலாம்.

"உட்காருங்கம்மா."

"நிக்கறேன் சார். என் கணவர் செத்தாரா, இல்லையா?"

"செத்தார். இறப்புப் பதிவு சரியாத்தான் இருக்கு. தப்பாப் பதிஞ்சிருந்தா ரத்து பண்ணிடலாம். தப்பே இல்லையே. டாக்டர் பாத்து, இதயம் நின்னு, மூளை நின்னு, எல்லாம் முறையா நடந்திருக்கு."

"அப்ப என் வேலை சரி."

"அது எப்படிம்மா? அவர் உயிரோட இருக்காரே. நேத்துகூட வராண்டாவுல எனக்கு வணக்கம் சொன்னார்."

"அப்ப அவர் வேலையை அவருக்குக் குடுங்க."

"இறந்தவரை எப்படிம்மா பணியில சேர்க்கறது?"

அவர் கிண்டல் செய்யவில்லை. முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. "செத்தவங்க திரும்பி வருவாங்கன்னு சட்டம் எழுதினவங்க நினைக்கலைம்மா. சொத்து, கல்யாணம், வேலை, எங்க பாத்தாலும் சாவுங்கறது முடிஞ்சுபோன விஷயம்னு நம்பி எழுதியிருக்காங்க. உங்க கல்யாணமே சட்டப்படி அன்னிக்கு முடிஞ்சிடுச்சு. மேலிடத்துக்கு எழுதியிருக்கோம். குழு போட்டிருக்காங்க."

"குழு எப்ப முடிவு சொல்லும்?"

"ஓட்டுநர் இல்லாத பஸ்ஸுக்கு விதி எழுத ஒரு குழு போட்டாங்க. அதுக்குப் பதிமூணு வருஷம் ஆச்சு." கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "எழுத்துல இல்லாம ஒண்ணு சொல்றேன். நீங்க முதல்ல ராஜினாமா குடுத்துடுங்க. அப்புறம் உங்க வீட்டுக்காரர் விஷயத்தை மனிதாபிமானத்தோட பார்க்கலாம்."

இந்த அலுவலகத்தில் மனிதாபிமானத்தோடு பார்க்கலாம் என்றால் பார்க்க மட்டும்தான் செய்வார்கள். இரண்டரை வருஷத்தில் அது எனக்கு அத்துப்படி.

"ராஜினாமா எழுதமாட்டேன் சார். தூக்கறதுன்னா தூக்குங்க. ஆனா உங்க கையால காரணம் எழுதித் தூக்குங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை என் கணவரைப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. பஸ் வந்தது. 'ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்' என்ற பலகை இன்னும் முன்பக்கம் தொங்குகிறது. ஓட்டுநர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது, பலகையைக் கழற்ற உத்தரவு வரவில்லை. நான் ஏறிவிட்டேன். அவர் முகத்தைக் காட்டியதும் கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது. "மன்னிக்கவும். இந்தப் பயணி காலமானவர். எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்," என்றது ஒரு பெண் குரல். அவர் பின்வாங்கி மறுபடி முகத்தைக் காட்டினார். மறுபடியும் அனுதாபம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "உயிரோடதாம்மா இருக்கேன்," என்று அந்தக் கதவிடம் தணிந்த குரலில் சொன்னார் என் கணவர். நான் இறங்கிவிட்டேன்.

நிறுத்தத்தின் இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர், "சட்டத்துல இடமில்லைம்மான்னு நானும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்றார். "ஒரு பொண்ணு, ரயில்ல பெத்தவ. எந்த ஊர் எல்லையில பொறந்துச்சுன்னு சொல்லத் தெரியலை. ஏழு தடவை திருப்பி அனுப்பினேன். சந்தோஷப்பட்டு அனுப்பலை வேனில். ஆனா சாப்பாட்டு மணி அடிச்சா மறந்துடுவேன்."

"இப்ப என்ன பண்ணலாம், சொல்லுங்க."

பதினெட்டு வருஷ குமாஸ்தா அவருக்குள் மெல்ல எழுந்து உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். விரல்களால் பெஞ்சைத் தட்டிக்கொண்டே சொன்னார். "செத்தவன் எழுந்து வர்றதுக்கு சட்டத்துல வழி இல்லை. ஆனா புதுசா ஒருத்தன் வர்றதுக்கு வழி இருக்கு. தினம் இருபது பேர் வர்றாங்க. நீதானே பதியறே."

"பிறப்பாவா?"

"ஆஸ்பத்திரியில, ஒரு தேதியில, ஒரு நேரத்துல மூச்சு விட ஆரம்பிச்சேன். டாக்டர் சாட்சி இருக்கு. படிவத்துக்கு வேற என்ன வேணும்?"

"விளையாடாதீங்க. எடைன்னு ஒரு கட்டம் இருக்கு. ஏழு கிலோவுக்கு மேல போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"கம்ப்யூட்டர் ஏத்துக்காது. கரண்ட் போனா எழுதற நோட்டு ஏத்துக்கும்."

அந்த நோட்டின் முழுப் பெயர் மின்தடை காலப் பதிவேடு. கரண்ட் போனாலும் ஜன்னலை மூடக்கூடாது, வருகிறவர்களின் பதிவைக் கையால் எழுதி முத்திரை வைக்க வேண்டும் என்பது பழைய விதி. மறுநாள் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ஏற்றினால் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்காது. எங்கள் அலுவலக பேட்டரி செத்து மூன்று வருஷம் ஆனதால் அந்த நோட்டுக்கு அவ்வப்போது வேலை இருந்தது. ஆனால் இப்படி ஒரு வேலை அதற்கு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"யோசிச்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டேன். "பிறந்தவர்னு பதிஞ்சா நீங்க புது ஆள். பழைய நவநீதன் செத்தது செத்ததுதான். சீட்டு உங்களுக்குத் திரும்பாது. நம்ம கல்யாணமும் திரும்பாது. சட்டப்படி நீங்க அஞ்சு மாசக் கைக்குழந்தை."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சீட்டை மனசுக்குள் ஒரு தடவை துடைத்து வைத்துவிட்டு எழுந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. "இருபத்தொரு வயசு ஆனதும் வந்து கேக்கறேன்," என்றார். "அப்ப உனக்கு இஷ்டமிருந்தா சொல்லு."

"அப்ப எனக்கு அறுபத்து நாலு."

"எனக்கு ஆட்சேபணை இல்லை."

சிரிக்க வேண்டிய பேச்சு அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியதில் உனக்கு இஷ்டமிருந்தால் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் அலுவலகத் தெருவுக்கே கரண்ட் போனது. காலையிலிருந்து மருத்துவமனைச் சீட்டோடு வராண்டா பெஞ்சில் காத்திருந்த என் கணவர் வரிசையில் வந்து நின்றார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை முடித்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டேன். சலுகை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

"குழந்தை ஆணா, பெண்ணா?"

"ஆண்."

"பிறப்பு எடை?"

"எழுந்த அன்னிக்கு அம்பத்தோரு கிலோ. சீட்டுல இருக்கு."

"சுகப்பிரசவம், ஆயுதப் பிரசவம், அறுவை. மூணுல ஒண்ணுதான் எழுத முடியும்."

"மெஷின் வெச்சுத்தானே இழுத்தாங்க. ஆயுதம்னு போடு."

தாய் பெயர் என்ற இடத்தில் என் பேனா நின்றது. என் மாமியார் காயத்ரி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. "அம்மா பேரையே எழுது," என்றார். "உயிரோட இருக்காங்களான்னு கட்டம் எதுவும் கேக்கலையே." கேட்கவில்லைதான். எழுதினேன். தாமதப் பதிவுக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'குழந்தைக்குத் தன் நிலைமை புரிய ஐந்து மாதம் ஆனது' என்று எழுதி முத்திரை வைத்தேன். குழந்தையின் பெயரைப் பிறகு சேர்க்கலாம் என்பதால் அந்த இடத்தைக் காலியாக விட்டோம். வீட்டில் நான் என்னங்க என்றுதான் கூப்பிடுகிறேன். அதற்குச் சான்று தேவையில்லை.

பத்து நாளில் புது அடையாள எண் வந்தது. பஸ் கதவு திறந்தது. "குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை," என்றது அதே குரல். விஷயம் கேள்விப்பட்டு சஞ்சய்குமார் மாமா கொதித்துப்போய் வந்தார். "அப்ப இவன் உனக்கு யாரு? ஊர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"இந்த வீட்டுல ஒரு குழந்தைச் சத்தம் இல்லையேன்னு நீங்கதானே மாமா வருஷாவருஷம் பொங்கலுக்கு வந்து சொல்லிட்டுப் போவீங்க. இப்ப இருக்கு."

அவர் காப்பி குடிக்காமல் போய்விட்டார். எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு நாள் அவர் அப்படிப் போக வேண்டும் என்று ஆசை.

மாட்டிக்கொண்டது தடுப்பூசியால். மூன்றாவது தவணைக்கு வராத குழந்தைகள் பட்டியலை சுகாதாரப் பிரிவு அனுப்ப, அதில் ஐம்பத்தொரு கிலோவைப் பார்த்துவிட்டு ஆணையர் என்னைக் கூப்பிட்டார். என் கணவரையும் வரச் சொல்லியிருந்தார்.

"என்னம்மா இது?"

"கையெழுத்து தெளிவாத்தானே இருக்கு சார்?"

"இதை நான் ரத்து பண்ணப் போறேன். உங்க மெமோவையும் நிறைவேத்தப் போறேன்."

"பண்ணுங்க சார். காரணம் எழுதணும். இந்தக் குழந்தை பிறக்கலைன்னு எழுதுங்க. பிறக்கலைன்னா இங்க நிக்கறது பழைய நவநீதன். அப்ப அவர் சாகலை. சாகலைன்னா பதினெட்டு வருஷ சர்வீஸோட அந்தச் சீட்டை அவருக்குக் குடுங்க, நான் எழுந்திருக்கறேன். இல்லை, பிறந்தது நிஜம்னா, செத்தவர் வேற, அவர் சீட்டு எனக்கு முறையா வந்தது. என் மெமோவைக் கிழிங்க. ரெண்டுல எதை வேணாலும் எழுதுங்க சார். ரெண்டையும் மட்டும் எழுதாதீங்க."

நான் எழுந்திருக்கிறேன் என்று சும்மா சொல்லவில்லை. ஆணையர் முதலாவதை எழுதிவிட்டால் என் கதை முடிந்தது. முதலாவதை எழுத அவருக்குப் பயம் என்பதை வைத்துத்தான் சூதாடினேன். ஒருவரை உயிரோடு இருக்கிறார் என்று எழுதினால் மற்ற ஏழு பேரும் நாளைக்கே வந்து நிற்பார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், கோப்பை எடுத்து 'மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது' என்று எழுதினார். உடனே இன்னொரு தாளையும் எழுதி என் பக்கம் தள்ளினார். மின்தடை இல்லாத நேரத்தில் மேற்படி பதிவேட்டைத் திறந்தால் விளக்கம் கோரப்படாமலே பணிநீக்கம் என்றிருந்தது.

"திங்கட்கிழமை புது பேட்டரி வருது. அப்புறம் இங்க கரண்ட் போற பேச்சே இல்லை. உங்க சீட்டு பொழைச்சுதும்மா. அதைப் பத்திரமாப் புடிச்சுக்கிட்டு உட்காருங்க. மத்தவங்க குழுவுக்குக் காத்திருக்கட்டும்."

நான் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவர்கள் வந்தார்கள். பிறந்த இடம் எந்த எல்லையோ அங்கேதான் பதிய வேண்டும். மருத்துவக் கல்லூரி எங்கள் எல்லைக்குள் இருக்கிறது. எப்படியோ செய்தி போயிருக்கிறது. ஏழு பேரும், அவர்களைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுமாக வராண்டா நிறைந்துவிட்டது. முன்னால் நின்றவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு கையில் சீட்டு, இன்னொரு கையால் கதவைப் பிடித்திருந்தாள். இன்னும் நடக்கப் பழகவில்லை.

"என் மகளைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டுப் போக விடமாட்டேங்கறாங்க மேடம்," என்றாள். "அம்மா இறந்துட்டாங்கன்னு இருக்கு, நீங்க யாருன்னு கேக்கறாங்க. அவளுக்கு நான் யாரா இருந்தாலும் பரவாயில்லை மேடம். யாரோ ஒருத்தியா எழுதிக் குடுங்க போதும்."

தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. மின்வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்தேன். இன்று எங்கும் தடை இல்லை. திங்கட்கிழமை பேட்டரி. சட்டத்துல இடமில்லைம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருக்கப் போகிற நாற்காலிக்காகவா இத்தனை பேரோடும் மல்லுக்கு நின்றேன் என்று இருந்தது. என்மேலேயே கோபம் வந்தது. பீரோவிலிருந்து பதிவேட்டை எடுத்து மேஜையில் போட்டேன். பேனாவைத் திறந்தேன்.

சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துப் போக வந்திருந்த என் கணவர் எட்டி வந்து பதிவேட்டின் மேல் கை வைத்தார்.

"எடுங்க கையை," என்றேன். "வேலை போனா போகட்டும். நான் எழுதத்தான் போறேன்."

"எழுது. யாரு வேணாம்னா? கரண்ட் போனப்புறம் எழுது."

"இன்னிக்குக் கரண்ட் போகாது."

"போகும்," என்று சொல்லிவிட்டு, சுவரோரம் மெயின் சுவிட்ச் பெட்டி இருக்கும் பக்கம் நடந்தார். பதினெட்டு வருஷம் இருந்த அறை. அவருக்கு இடம் காட்ட வேண்டியதில்லை.

"என்னங்க, வேணாம். அரசாங்கச் சொத்துல கை வெச்சா உங்களை உள்ள தள்ளிடுவாங்க."

அவர் பெட்டியைத் திறந்தபடியே சாவகாசமாகத் திரும்பிப் பார்த்தார். "யாரை? ஏழு வயசு ஆகற வரைக்கும் குழந்தை செய்யற எதுவும் குற்றமில்லைன்னு சட்டத்துலயே இருக்கு வேனில்."

விளக்கு அணைந்தது. மின்விசிறி நாலு சுற்று சுற்றி நின்றது. உள் அறையில் ஆணையர் யாரையோ கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேட்பது காதில் விழுந்தது. நான் புதுப் பக்கத்தைப் புரட்டினேன்.

"வாங்கம்மா," என்றேன். "பிறந்த தேதியைச் சொல்லுங்க."